மூட்டுக்குள் ஒரு வாயு

பெர்மாஸ் ஜெயாவில் பொழுது விடிவதற்கு முன்பே சாலைகள் நிறைந்துவிடுகின்றன. பாசிர் கூடாங் தொழிற்சாலைகளுக்குச் செல்வோரும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போவோரும் இருட்டோடு புறப்படுகின்றனர். தெப்ராவ் ஆற்றுக்கு மேலுள்ள பாலத்தில் வாகனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்கின்றன. அவற்றின் புகைக்குழாய்களிலிருந்து வெளியேறும் வாயுக்களுள் ஒன்று நைட்ரிக் ஆக்சைடு. இயந்திரத்தின் கடுமையான வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் இணைந்து இவ்வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை. வெளிக்காற்றில் கலந்த பின்னர் அது நைட்ரஜன் டைஆக்சைடாக மாறித் தூய்மைக்கேட்டுக்குக் காரணமாகிறது.

அதே வாயு அந்த வாகனங்களில் அமர்ந்திருப்பவர்களின் முழங்கால்களுக்குள்ளும் உண்டாகிறது. ஆனால், அது புகையிலிருந்து அங்கே போவதில்லை. உடலின் உயிரணுக்களே அதை உற்பத்தி செய்கின்றன. அளவு மிகமிகச் சிறியதுதான். எனினும், முதியோர் பலரை நடக்கவிடாமல் செய்யும் மூட்டு நோயில் அதற்கும் பங்குண்டு.

முழங்கால் வலியைப் பற்றிப் பேசும்போது நம் வீட்டுப் பெரியவர்கள் இரண்டு சொற்களைச் சொல்வதுண்டு. ஒன்று, ‘வாயு’. மற்றொன்று, ‘தேய்மானம்’. முதல் சொல் பழமையானது. சித்த மருத்துவம் மூட்டு நோய்களைக் ‘கீல்வாயு’ என்று அழைக்கிறது. ‘கீல்’ என்றால் மூட்டு. சித்த மருத்துவர் கூறும் வாயு வேறு, வேதியியல் கூறும் நைட்ரிக் ஆக்சைடு வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பெருமை கொள்வது சரியன்று. பெயர்ப் பொருத்தம் சுவையானது, அவ்வளவே. இரண்டாவது சொல்லாகிய ‘தேய்மானம்’ மருத்துவமனைகளிலும் வழங்குகிறது. செருப்பின் அடிப்பாகம் தேய்வதைப் போல, காரின் டயர் தேய்வதைப் போல மூட்டும் தேய்ந்துபோகிறது என்ற எண்ணத்தை அச்சொல் விதைத்துவிடுகிறது. தேயும் பொருளைக் காப்பாற்ற வேண்டுமானால் அதைப் பயன்படுத்தாமல் வைக்க வேண்டும் அல்லவா? இரண்டு மாடி வீட்டில் வாழும் பாட்டி தம் படுக்கையைக் கீழ்த்தளத்திற்கு மாற்றிக்கொள்கிறார். மாலை நடையை நிறுத்துகிறார். ‘இருக்கிற மூட்டையாவது காப்பாற்றிக்கொள்கிறேன்’ என்கிறார். அவர் செய்வது சரியா? மூட்டுக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை அறிந்தால்தான் விடை கூற முடியும்.

முதலில் குருத்தெலும்பைப் பார்ப்போம். முழங்காலில் தொடையெலும்பும் காலெலும்பும் சந்திக்கும் இடத்தில், எலும்புகளின் முனைகளை வழுவழுப்பான வெண்ணிறப் படலம் மூடியிருக்கிறது. அதன் தடிப்பு சில மில்லிமீட்டர்தான். அதில் பெரும்பகுதி நீர். கொலாஜன் என்னும் புரத இழைகள் வலைபோல் பின்னியிருக்க, அந்த வலைக்குள் அக்ரிகன் என்னும் பெரிய மூலக்கூறுகள் நீரை ஈர்த்துப் பிடித்து வைத்திருக்கின்றன. காலை ஊன்றும்போது நீர் சற்று வெளியேறுகிறது. காலைத் தூக்கும்போது மீண்டும் உள்ளே வருகிறது. பாத்திரம் தேய்க்கும் பஞ்சை அழுத்திப் பிடித்து விடுவதை இதற்கு ஒப்பிடலாம்.

குருத்தெலும்பில் இரத்தக் குழாய்கள் இல்லை, நரம்புகளும் இல்லை. மூட்டுத் திரவத்திலிருந்து ஊறி வருவதே அதற்கு உணவு. அழுத்தி விடும் அந்த இயக்கம் உணவு உள்ளே செல்ல உதவுகிறது. நரம்பு இல்லாததால் தொடக்கச் சிதைவு வலிப்பதில்லை. வலி தெரியும்போது சுற்றியுள்ள எலும்பும் மூட்டின் உள்சவ்வும் பாதிக்கப்பட்டிருக்கும். இரத்தக் குழாய் இல்லாததால், தோலில் பட்ட காயம் ஆறுவதுபோல் குருத்தெலும்பின் காயம் ஆறுவதில்லை. வில்லியம் ஹண்டர் என்னும் மருத்துவர் 1743ஆம் ஆண்டிலேயே இதை இலண்டனில் எடுத்துரைத்தார். ஏறத்தாழ 280 ஆண்டுகள் ஆகியும் அவருடைய கூற்று பெரும்பாலும் பொருந்தி வருகிறது.

இந்தப் படலத்தை உருவாக்கிப் பராமரிப்பவை அதற்குள் தனித்தனியாகப் புதைந்திருக்கும் குருத்தெலும்பு உயிரணுக்கள். படலத்தின் மொத்தப் பருமனில் அவை நூற்றுக்கு ஓரிரு பங்கே. ஆக்சிஜன் குறைந்த அந்தச் சூழலில் பழைய இழைகளை அகற்றிப் புதியவற்றை நெய்யும் வேலையை அவை மெதுவாகச் செய்துவருகின்றன. டயருக்கும் மூட்டுக்கும் உள்ள முதன்மையான வேறுபாடு இதுதான். டயருக்குள் உயிரில்லை. மூட்டின் படலத்துக்குள் உயிருள்ள பணியாளர்கள் இருக்கின்றனர். அவர்களே தங்கள் வேலையை மாற்றிக்கொண்டால் என்னவாகும் என்பதுதான் நைட்ரிக் ஆக்சைடின் கதை.

இவ்வாயு உடலுக்குப் பகையானதன்று. அதை முதலில் நண்பனாகத்தான் அறிவியல் கண்டுகொண்டது. ஆல்பிரட் நோபல் தம் டைனமைட்டில் பயன்படுத்திய வெடிபொருள் நைட்ரோகிளிசரின். 1896இல் நோபலின் இதய நோய்க்கு மருத்துவர்கள் அதே நைட்ரோகிளிசரினை மருந்தாகப் பரிந்துரைத்தனர். வெடிபொருள் எப்படி நெஞ்சுவலியைத் தணிக்கிறது என்பது அக்காலத்தில் எவருக்கும் விளங்கவில்லை. 1977இல் ஃபெரிட் முராட், நைட்ரோகிளிசரின் போன்ற மருந்துகள் நைட்ரிக் ஆக்சைடை வெளியிடுவதைக் கண்டறிந்தார். இரத்தக் குழாயின் உட்புறச் சுவர் ஏதோ ஒன்றைச் சுரந்து குழாயைத் தளர்த்துகிறது என்று 1980இல் ராபர்ட் பர்ச்காட் காட்டினார். அந்த ‘ஏதோ ஒன்று’ நைட்ரிக் ஆக்சைடே என்பது சில ஆண்டுகளில் தெளிவாயிற்று. பர்ச்காட், முராட், லூயி இக்னாரோ ஆகிய மூவரும் 1998ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். நோபலுக்கு மருந்தான பொருளின் மறைபொருளை விளக்கியவர்களுக்கு நோபலின் பெயரிலேயே பரிசு! பற்சிகிச்சையில் பயன்படும் ‘சிரிப்பூட்டும் வாயு’ இதுவன்று. அது நைட்ரஸ் ஆக்சைடு. பெயர் ஒலிப்பில் நெருக்கம் இருப்பதால் மாணவர்கள் குழப்பிக்கொள்வதுண்டு.

உடலில் நைட்ரிக் ஆக்சைடை உற்பத்தி செய்ய மூன்று வகை நொதிகள் உள்ளன. ஆர்ஜினைன் என்னும் அமினோ அமிலமே அவற்றுக்கு மூலப்பொருள். நரம்புகளில் ஒன்றும் இரத்தக் குழாய்ச் சுவரில் மற்றொன்றும் இயல்பாகவே இருக்கின்றன. அவை தேவைப்படும்போது சிறிதளவு வாயுவைச் சில வினாடிகளுக்கு வெளியிட்டு ஓய்ந்துவிடும். மூன்றாவது நொதி வேறு குணம் உடையது. அது எப்போதும் இருப்பதில்லை. கிருமித் தாக்குதல், அழற்சி முதலிய ஆபத்து அறிவிப்பு வந்தால் மட்டுமே உயிரணு அதைத் தயாரிக்கிறது. அவ்வாறு தயாரிக்கப்பட்ட பின், அது மணிக்கணக்கில், சில வேளைகளில் நாள்கணக்கில் இடைவிடாமல் வாயுவை வெளியிடும். கிருமிகளைக் கொல்ல இந்த வெள்ளம் பயன்படும். ஆனால், கிருமியே இல்லாத மூட்டுக்குள் அது திறந்துவிடப்பட்டால்?

1991இல் வெளியான ஆய்வொன்று, இந்த ஆபத்து அறிவிப்புப் புரதங்களைக் குருத்தெலும்பு உயிரணுக்களின்மீது செலுத்தியபோது அவை நைட்ரிக் ஆக்சைடைச் சுரப்பதைக் காட்டியது. அப்புரதங்களுள் முதன்மையானது இன்டர்லியூக்கின்-1. மறு ஆண்டு, மூட்டு நோயாளிகளின் மூட்டுத் திரவத்தை ஆராய்ந்தவர்கள், நைட்ரிக் ஆக்சைடு விட்டுச்செல்லும் எச்சமாகிய நைட்ரைட்டு அதில் வழக்கத்தைவிட மிகுதியாக இருப்பதைக் கண்டனர். வாயு சில வினாடிகளில் மறைந்துவிடுவதால் அதை நேரடியாகப் பிடிப்பது கடினம். அதன் சுவட்டைத்தான் அளக்க முடியும். 1995இல் நியூயார்க்கில் அஷோக் அமின், ஸ்டீவன் ஆப்ராம்சன் முதலியோர், மூட்டுச் சிதைவு நோயாளிகளிடமிருந்து எடுத்த குருத்தெலும்பு, வெளியிலிருந்து எத்தூண்டுதலும் இல்லாமலே வாயுவைச் சுரந்துகொண்டிருப்பதைக் காட்டினர்.

அவ்வாறு வெளியான வாயு என்ன செய்கிறது? உயிரணுக்கள் கொலாஜனையும் அக்ரிகனையும் நெய்யும் வேலையை அது தளர்த்துகிறது. அதே வேளையில், ஏற்கெனவே நெய்த இழைகளை அறுக்கும் நொதிகளின் செயலைத் தூண்டுகிறது. அதாவது, கட்டுவோர் கைகளைக் கட்டிவிட்டு இடிப்போர் கையில் கடப்பாரை தருவது போன்றது. உயிரணுவின் மின்னிலையம் எனப்படும் மைட்டோகாண்ட்ரியாவின் வேலையையும் அது தடுக்கிறது. சூப்பர் ஆக்சைடு என்னும் மற்றொரு வீரியமிக்க மூலக்கூற்றோடு சேர்ந்தால் அது பெராக்சிநைட்ரைட்டாக மாறுகிறது. இது புரதங்களையும் மரபணுப் பொருளையும் சிதைக்கவல்லது. அது விட்டுச்சென்ற தடங்கள் நோயுற்ற குருத்தெலும்புகளில் காணப்பட்டுள்ளன. உயிரணுக்கள் மடிகின்றன, மடிந்தவற்றின் இடத்தை நிரப்ப அண்டையில் உயிரணுக்கள் அதிகம் இல்லை. அறுந்த இழைத் துணுக்குகள் மூட்டுத் திரவத்தில் மிதந்து உள்சவ்வை எரிச்சலூட்டுகின்றன. எரிச்சலுற்ற சவ்வு மேலும் இன்டர்லியூக்கினைச் சுரக்கிறது. அது மீண்டும் வாயுவைத் தூண்டுகிறது. சிதைவு தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் சுழல் இது.

எனவே, ‘தேய்மானம்’ என்ற சொல் பாதி உண்மையையே சொல்கிறது. உராய்வும் உண்டு, ஆனால், குருத்தெலும்பு வெளியிலிருந்து தேய்க்கப்படுவதோடு உள்ளிருந்தும் அரிக்கப்படுகிறது.

இந்தக் கண்டுபிடிப்பு பெரும் நம்பிக்கையை ஏற்படுத்தியதில் வியப்பில்லை. மூன்றாவது நொதியை அடைத்துவிட்டால் வாயு நின்றுவிடும். வாயு நின்றால் சிதைவும் நிற்கும் என்று எதிர்பார்த்தனர். கனடாவின் மொன்றியல் நகரில் 1998இல் ஒரு குழு, முழங்கால் தசைநார் அறுக்கப்பட்ட நாய்களுக்கு அந்நொதியைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தது. மருந்து பெற்ற நாய்களின் குருத்தெலும்பில் சிதைவு குறைவாக இருந்தது. மறு ஆண்டு, அந்த நொதி இல்லாமல் பிறக்கச் செய்யப்பட்ட எலிகளிலும் இதையொத்த முடிவே கிடைத்தது. ஆனால், 2003இல் வேறொரு முறையில் எலிகளின் முழங்காலைச் சிதைத்துப் பார்த்தவர்கள் நேர்மாறான முடிவைக் கண்டனர். நொதியில்லா எலிகளில் சிதைவு விரைந்தது! அப்படியானால், அழிக்கும் அதே வாயு ஏதோ ஓர் அளவில் காக்கவும் செய்கிறதா? இந்தக் கேள்வி ஆய்வாளர்களைத் தயங்க வைத்திருக்க வேண்டும். ஆயினும், மனிதச் சோதனை முன்னே சென்றது.

சிண்டுனிஸ்டாட் என்பது அம்மருந்தின் பெயர். உடல் எடை மிகுந்த 1,457 முழங்கால் நோயாளிகள் அச்சோதனையில் கலந்துகொண்டனர். சிலருக்கு மருந்தும் சிலருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் இரண்டு ஆண்டுகள் தரப்பட்டன. எலும்புகளுக்கு இடையே உள்ள இடைவெளி எவ்வளவு சுருங்குகிறது என்பதை எக்ஸ்ரே படங்களால் அளந்தனர். 2013இல் முடிவு வெளியானது. நோய் முற்றாத பிரிவினரில் குறைந்த அளவு மருந்து முதல் ஓராண்டுக்குள் சற்றே பயன் தருவதுபோல் தோன்றியது. இரண்டாம் ஆண்டின் முடிவில் அந்தப் பயனும் நிலைக்கவில்லை. மொத்தத்தில், மருந்துக்கும் வெற்று மாத்திரைக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை.

இத்தோல்வியை மறைக்காமல் வெளியிட்டது பாராட்டுக்குரியது. அதிலிருந்து கற்றவை பல. மூட்டுச் சிதைவு ஒரே பாதையில் நடப்பதன்று. ஒரு வாய்க்காலை அடைத்தால் தண்ணீர் வேறு வாய்க்காலில் பாய்கிறது. ஆய்வகத் தட்டில் சில நாள்களிலும் நாய்களில் சில வாரங்களிலும் கண்டதை, பல்லாண்டுகளாக நோய் வளர்ந்த மனித முழங்காலில் அப்படியே எதிர்பார்க்க முடியாது. சிதைந்த குருத்தெலும்பை மீண்டும் வளரச் செய்யும் என்று உறுதியாக மெய்ப்பிக்கப்பட்ட மாத்திரை எதுவும் இன்றுவரை இல்லை.

இருப்பினும், மலேசியாவில் அப்படிப்பட்ட மாத்திரைகளை வாங்குவோர் குறைவில்லை. நாட்டின் வயது வந்தோரில் 9.3 விழுக்காட்டினர் முழங்கால் வலி இருப்பதாகக் கூறினர் என்றும், 55 வயதைக் கடந்தோரிடையே இது 23 விழுக்காடாகவும் 65 வயதைக் கடந்தோரிடையே 39 விழுக்காடாகவும் உயர்கிறது என்றும் ஆய்வொன்று தெரிவித்தது. வலி இவ்வளவு பேருக்கு இருக்கும்போது விற்பனைக்குக் கேட்கவா வேண்டும்! இரவுச் சந்தையிலும் இணையத்திலும் ‘மூன்றே நாளில் மூட்டு வலி பறந்துவிடும்’ என்று கூவி விற்கப்படும் சில பொடிகளிலும் குளிகைகளிலும் டெக்சாமெதசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்து கலந்திருப்பதாகத் தேசிய மருந்தியல் ஒழுங்குமுறை முகமை பலமுறை எச்சரித்துள்ளது. ஸ்டீராய்டு அழற்சியை விரைந்து அடக்கும். ஆகவே, வலி குறைவது பொய்யன்று. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. தெரியாமல் பல மாதங்கள் உட்கொண்டால் முகம் வீங்கும், இரத்தத்தில் சர்க்கரை ஏறும், எலும்பு வலுவிழக்கும், திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். பதிவு செய்யப்பட்ட மருந்தின் உறையில் ‘எம்.ஏ.எல்.’ எனத் தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டுவில்லையும் இருக்கும். பாட்டிக்கு மருந்து வாங்கித் தரும் பேரப்பிள்ளைகள் அவற்றைப் பார்க்கப் பழகுவது நன்று.

மஞ்சளைப் பற்றியும் பலர் கேட்பர். மஞ்சளிலுள்ள குர்க்குமின் அந்த மூன்றாவது நொதியை ஆய்வகத்தில் அடக்குவது உண்மை. தாய்லாந்தில் 367 முழங்கால் நோயாளிகளிடம் நான்கு வாரங்கள் நடத்தி 2014இல் வெளியிடப்பட்ட ஆய்வில், மஞ்சள் சாறு ஐபுபுரோபன் என்னும் வலிநிவாரணிக்கு நிகராக வலியைத் தணித்தது. ஆனால், அது செறிவூட்டப்பட்ட சாறு. நாளொன்றுக்கு 1,500 மில்லிகிராம். குழம்பில் இடும் ஒரு சிட்டிகை மஞ்சளை அதனோடு ஒப்பிட இயலாது. மேலும், குர்க்குமின் குடலில் எளிதில் உறிஞ்சப்படுவதில்லை. வலி தணிந்தது என்பதற்கும் குருத்தெலும்பு வளர்ந்தது என்பதற்கும் வெகுதூரம்.

மருந்து கைகொடுக்காத இடத்தில் எடையும் நடையும் கைகொடுக்கின்றன. இதற்கும் அந்த வாயுவுக்கும் தொடர்பு உண்டு. உடலில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமையில் ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது என்று 2005இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அளந்தனர். ஐந்து கிலோ குறைத்தவருக்கு அடிக்கு இருபது கிலோ. அவர் நாளொன்றுக்கு எத்தனை அடி வைக்கிறார் என்று பெருக்கிப் பார்த்தால் கணக்கு எங்கோ போகும். கொழுப்பு வெறும் சுமை மட்டுமன்று. அழற்சியைத் தூண்டும் புரதங்களை அது சுரக்கிறது. அவையே குருத்தெலும்பில் வாயுவைத் தூண்டுபவை. உடல் எடையைத் தாங்காத கைவிரல் மூட்டுகளிலும் பருமனானவர்களுக்கு இந்நோய் மிகுதியாக வருவதற்கு இது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. மலேசியாவில் அதிக எடையோ உடற்பருமனோ உள்ள வயது வந்தோர் 2019இல் 50.1 விழுக்காட்டினர், 2023இல் 54.4 விழுக்காட்டினர்.

நடையைப் பற்றிய சான்று இன்னும் சுவையானது. இலண்டனில் 2001இல் ஓர் ஆய்வுக் குழு, குருத்தெலும்பு உயிரணுக்களைக் கூழ் போன்ற பொருளுக்குள் வளர்த்து, இன்டர்லியூக்கின்-1ஐச் செலுத்தியது. எதிர்பார்த்தபடி நைட்ரிக் ஆக்சைடு பெருகியது. பின்னர், அக்கூழை நடக்கும் காலில் நிகழ்வதுபோல் மென்மையாக, சீரான இடைவெளியில் அழுத்தி அழுத்தி விட்டனர். வாயுவின் அளவு குறைந்தது. மருந்து எதுவும் சேர்க்கப்படவில்லை. அளவான அசைவு மட்டுமே. அடிபட்டாற்போன்ற கடும் அழுத்தம் உயிரணுக்களைக் கொல்லும் என்பதையும் வேறு ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே, மாடிப்படியில் மூட்டை தூக்கி ஏறுவது ஒன்று. சமதளத்தில் நடப்பது வேறொன்று.

படுக்கையைக் கீழே மாற்றிய பாட்டிக்கு வருவோம். படி ஏறும்போது கடும் வலி இருந்தால் அந்த மாற்றத்தில் தவறில்லை. மாலை நடையை நிறுத்தியதில்தான் இழப்பு. அசையாத மூட்டில் குருத்தெலும்புக்கு உணவு குறைகிறது. தொடைத் தசை மெலிகிறது. மெலிந்த தசையால் சுமையைப் பங்கிட்டுக்கொள்ள முடிவதில்லை. மலேசிய மருத்துவர்களுக்காக 2013இல் வெளியான மூட்டுச் சிதைவு வழிகாட்டியும் உடற்பயிற்சியையும் எடைக் குறைப்பையும் பரிந்துரைக்கிறது. நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து, ஒரு காலை மெல்ல நீட்டி, தொடைத் தசையை இறுக்கி, ஐந்து வரை எண்ணி இறக்குவது எளிய பயிற்சிகளுள் ஒன்று. வெயில் தாழ்ந்த பின், மேடு பள்ளமில்லாத பாதையில், நல்ல காலணி அணிந்து, வலி கூடாத தூரம் வரை நடக்கலாம். மூட்டு வீங்கிச் சூடாக இருக்கும் நாள்களில் ஓய்வு தேவை. வீக்கம் வற்றியதும் மீண்டும் தொடங்கலாம்.